பாம்பு குட்டையான கதை

(சங்கரன்கோவிலில், ஆடித்தபசு முடிந்த வாரத்தில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விளையாட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் கிரிக்கெட்டா கபடியா என்று கேட்டார்கள். தரையில் விரித்து, சுற்றி உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம் என்றேன். அந்த ஆட்டம் பதிப்புக்குப் பதிப்பு எப்படி மாறியிருக்கிறது என்று பேசப் போகிறேன் என்றேன். "புத்தகத்துக்குப் பதிப்பு உண்டு, ஆட்டத்துக்கு ஏதுங்க பதிப்பு?" என்றார் ஒருவர். உண்டு. அதை இந்த ஊரில் வந்து பேசவேண்டும் என்று நான் ஆசைப்பட்டதற்கும் காரணம் உண்டு.

சங்கன், பதுமன் கதையை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இரண்டு நாக அரசர்கள். சிவனே பெரியவன் என்றான் சங்கன். திருமாலே பெரியவன் என்றான் பதுமன். வழக்குத் தீரவில்லை; அம்பாளிடம் போனார்கள். கோமதி அம்மன் தவமிருந்தாள். ஒரு பாதி சிவனும் ஒரு பாதி திருமாலுமாக இறைவன் காட்சி தந்தார். அந்தத் தவத்தைக் கொண்டாடும் ஆடித்தபசுக்குத்தான் போன வாரம் ஊரே கூடி நின்றோம். கோயிலின் நாகசுனையில் கால் நனைத்து, புற்றுமண் பூசி, வெள்ளியில் பாம்பும் தேளும் வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு வந்திருக்கிறோம். பாம்பை அடியாராகப் பார்க்கிற ஊர் இது.

இப்போது பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளிடம் வருகிறேன். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று ஓர் ஆட்டம். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் நான்கு பையன்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து ஆடுவார்களே, அதுதான். ஆளுக்கு ஒரு வேடம் எடுத்துக்கொண்டு, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அந்தக் கதைக்குள் நடப்பார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் இதை ஆடுகிறான். அவனுடைய நண்பர்கள் சந்தித்தால் முதல் பேச்சே எந்தப் பதிப்பு உயர்ந்தது என்பதுதான். மூன்றாவதா, நான்காவதா, ஐந்தாவதா என்று இரவு முழுக்க வழக்கு. கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சங்கனும் பதுமனும்தான் நினைவுக்கு வந்தார்கள். எது பெரியது என்ற தீர்ப்பு என்னிடம் இல்லை. இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்து உற்றுப் பார்த்தால் என்ன கண்ணில் படுகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் எங்கள் ஆச்சியின் தாளிலிருந்து தொடங்குகிறேன்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க வேண்டும். தூக்கம் வராமல் இருக்க ஆச்சி பரமபத சோபான படத்தை விரிப்பாள். சோபானம் என்றால் படி. கீழே விலங்கும் மனிதனும் தொடங்கி மேலே பரமபதம் வரை நூற்றுக்கும் மேற்பட்ட கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர். பக்தி, தானம், சத்தியம் போன்றவற்றில் ஏணி. பாம்புகளுக்கு அசுரர்களின் பெயர்களும் பாவங்களின் பெயர்களும். வைகுண்டத்துக்குச் சற்று முன்னால் பெரிய பாம்பு வாயைப் பிளந்துகொண்டிருக்கும். அது கடித்தால் தாளின் அடியில்தான் விழவேண்டும். மூன்று மணி நேரம் ஏறி வந்தது ஒரே வீச்சில் போகும்.

ஆச்சியிடம் ஒரு வழக்கம் இருந்தது. காயை நகர்த்தியதும், "எங்கல நிக்க?" என்று கேட்பாள். எண்ணைச் சொல்லக்கூடாது, பெயரைத்தான் சொல்லவேண்டும். "பொய்யில நிக்கேன் ஆச்சி" என்று சொல்லவேண்டும். "கோபத்துல இருக்கேன்" என்று சொல்லவேண்டும். ஏழு வயதில் அதை வாய்விட்டுச் சொல்லும்போது உள்ளுக்குள் ஏதோ செய்யும். அன்றைக்குப் பகலில் நான் உண்மையிலேயே பொய் சொல்லியிருப்பேன். அது ஆச்சிக்கும் தெரிந்திருக்கும்.

வேடமேற்று ஆடும் ஆட்டத்தை அமெரிக்கர்கள் 1974இல் கண்டுபிடித்தார்கள் என்று நூல்கள் சொல்கின்றன. ஆச்சியின் பாயில் நான் ஏற்றதும் வேடம்தான் என்பது என் எண்ணம். சோழியோ குன்றிமணியோ, எதை வைத்து ஆடினாலும் அது நான். நான் எங்கே நிற்கிறேன் என்று என் வாயாலேயே சொல்லவைத்தவை அந்தப் பெயர்கள்.

இனி பரமபத ஆட்டத்தின் பதிப்புகளைப் பார்ப்போம். வடநாட்டில் இதற்கு ஞான சௌபர் என்று பெயர். சமணர்களின் பலகைகள் பெரும்பாலும் 84 கட்டம். வைணவப் பலகைகளில் 72 கட்டம் பரவலானது. சூஃபிகளிடமும் இப்படி ஒரு பலகை உண்டு. நேபாளத்தில் நாகபாசம் என்பார்கள். திபெத்திலும் மறுபிறவிகளின் வழியே ஏறி இறங்கும் ஓர் ஆட்டம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டுத் துறவி சாக்கிய பண்டிதர் உருவாக்கியது என்பது அங்கே வழங்கும் மரபு. ஒரே எலும்புக்கூட்டின் மேல் அவரவர் சமயம் சதை போர்த்தியிருக்கிறது.

72 கட்டப் பலகையில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. ஒரு வரிசைக்கு 9 கட்டம், மொத்தம் 8 வரிசை. வைகுண்டம் 68ஆவது கட்டம், மேல் வரிசையின் நட்ட நடுவில். கடைசிக் கட்டமான 72இல் இருப்பது தமோகுணம். அங்கே ஒரு பாம்பு; அது 51ஆவது கட்டமான பூமிக்கு இறக்கிவிடும். அதாவது, முடிவும் இலக்கும் வேறு வேறு. இலக்கைத் தாண்டி ஓடுகிறவன் மறுபடி மண்ணுக்கு வரவேண்டும். இதை யோசித்து வைத்தவர் யாரோ, அவரை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

இந்த ஆட்டம் கப்பலேறி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் 'ஸ்நேக்ஸ் அண்ட் லேடர்ஸ்' ஆயிற்று. நம் பழைய பலகைகளில் பாம்பு மிகுதி, ஏணி குறைவு. ஆங்கிலேயர் இரண்டையும் சமமாக்கினார்கள். பெயர்கள் உடனே போய்விடவில்லை. சிக்கனத்தில் ஏணி ஏறினால் நிறைவு. உழைப்பில் ஏறினால் வெற்றி. சோம்பலில் பாம்பு கடித்தால் வறுமை. விக்டோரியா காலத்து நடுத்தர வீட்டின் அறம் அப்படியே கட்டங்களில் உட்கார்ந்துவிட்டது. பிறகு மெல்ல மெல்லப் பெயர்களும் உதிர்ந்து எண்கள் மட்டும் மிஞ்சின. 100ஆவது கட்டமே இலக்கு. கடைசியும் இலக்கும் ஒன்றாகிவிட்டன.

1943இல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி நிறுவனம் 'சூட்ஸ் அண்ட் லேடர்ஸ்' வெளியிட்டது. பாம்பே இல்லை. பூங்காவில் குழந்தைகள் வழுக்கி வருவார்களே, அந்தச் சறுக்கு மரம். அதில் 10 சறுக்கு, 9 ஏணி. மிக நீளமான சறுக்கு 87இலிருந்து 24க்கு. ஆனால் கடைசி வரிசையைக் கவனியுங்கள். 93, 95, 98 ஆகிய மூன்று இடங்களில் சறுக்கு. மூன்றும் இருபது கட்டந்தான் இறக்கும். ஆச்சியின் தாளில் வைகுண்ட வாசலில் நின்றவனை அடிமட்டத்துக்கு இழுத்த பாம்பு, இந்தப் பதிப்பில் இரண்டு வரிசை கீழே இறக்கி, மறுபடி ஏறு கண்ணே என்கிறது. ஓர் ஆட்டம் முடிய ஒருவருக்குச் சராசரியாக ஏறக்குறைய 40 முறை முள்ளைச் சுழற்றினால் போதும் என்று கணிதவியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன் ஆடி முடித்துவிடலாம். ஓர் இரவு முழுக்கக் கண்விழிக்க அது உதவாது. அந்தப் பதிப்பு அதற்காகச் செய்யப்பட்டதும் அல்ல.

பாம்பு மாறியதைப் போல உருட்டும் பொருளும் மாறியது. இங்கே நான் கொஞ்சம் கணக்குப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டும் சேர்ந்து விழும் விதம் 16. ஒன்று வெறுமை, மற்றது ஒரு புள்ளி என்றால் தாயம். அது 16இல் 2. இரண்டும் வெறுமை என்றால் பன்னிரண்டு. 16இல் ஒரே ஒரு முறை. ஆறும் அப்படியே. மிகுதியாக விழுவது மூன்று, 16இல் 4. ஏழு முதல் பதினொன்று வரை ஒரே வீச்சில் விழவே விழாது.

ஆங்கிலப் பதிப்பின் ஆறு முகப் பகடையில் எல்லா எண்ணும் சமம். அங்கே எந்தப் பாம்பும் அடுத்த ஆறு கட்டத்துக்குள் இருந்தால் ஒரே அளவு ஆபத்துதான். தாயக்கட்டையில் அப்படி இல்லை. உங்களுக்கு மூன்று கட்டம் முன்னால் இருக்கும் பாம்பு, ஆறு கட்டம் முன்னால் இருக்கும் பாம்பைவிட நான்கு மடங்கு ஆபத்தானது. எட்டு கட்டம் முன்னால் இருப்பது ஒரு வீச்சில் தொடாது. "மூணுல பாம்பு இருக்குடி" என்று ஆச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்வதில் இந்தக் கணக்கு முழுவதும் இருந்தது. அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. தாயக்கட்டையை எடுத்துவிட்டுக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பகடையைப் போட்ட நாளில் தாள் மாறவில்லை, ஆட்டம் மாறிவிட்டது. உள்ளே நுழையத் தாயம் போடுவதற்கு எட்டில் ஒன்று என்றிருந்த வாய்ப்பு ஆறில் ஒன்றாயிற்று. பயப்படவேண்டிய பாம்பு எது, அலட்சியம் செய்யலாம் என்கிற பாம்பு எது என்ற பேச்சு நின்றுபோயிற்று.

இப்போது பின்வரிசைக்கு வருகிறேன்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. ஆக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். ஒரு பெட்டி, உள்ளே மூன்று சிறு நூல்கள், மொத்தம் 1,000 பிரதி. ஓராண்டுக்குள் தீர்ந்தது. 1977 முதல் 1979 வரை 'அட்வான்ஸ்டு' என்ற பெயரில் மூன்று கெட்டி அட்டைப் புத்தகங்கள். 1989இல் இரண்டாம் பதிப்பு. வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனத்தை 1997இல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. அதன்பின் 2000, 2003, 2008, 2014 என்று பதிப்புகள் வந்தன. 2024இல் திருத்திய புத்தகங்கள் வந்தன.

விதிகளின் வேறுபாடு ஏராளம். பழைய பதிப்புகளில் கவச எண் குறைவாக இருந்தால் நல்லது. 2000இல் அதைத் தலைகீழாக்கி, எண் கூடினால் நல்லது என்றார்கள். அதே பதிப்பில், எதைச் செய்தாலும் இருபது முகப் பகடையை உருட்டு, கூட்டு, இலக்கைத் தொட்டாயா பார் என்று ஒரே முறையாக்கினார்கள். எனக்கு இவற்றில் ஆர்வம் குறைவு. நான் தேடியது பாம்பை. இந்த ஆட்டத்தில் வைகுண்ட வாசலில் கடிக்கிற பாம்பு எது? சாவு. ஆறு மாதமாக ஒருவர் வளர்த்த வேடம், பெயர் வைத்து, குணம் வைத்து, நண்பர்களோடு மலையும் காடும் கடந்த வேடம், ஒரு வீச்சில் இல்லாமல் போவது.

1974 பதிப்பில் மந்திரவாதி வேடம் எடுத்தால் ஆறு முகப் பகடையை ஒரு முறை உருட்டவேண்டும். விழுந்த எண்தான் உயிர்ப்புள்ளி. ஒன்று விழுந்தால் ஒன்றுதான். எதிரியின் அடியும் அதே ஆறு முகப் பகடை. புள்ளி பூச்சியமானால் சாவு, பேச்சு முடிந்தது. 1979இல் வந்த நூலில் கொஞ்சம் இளகினார்கள்: பூச்சியத்தில் மயக்கம், பிறகு சுற்றுக்கு ஒரு புள்ளியாகக் குறைந்து கழித்தல் பத்தில் சாவு. 2000இலும் கழித்தல் பத்து. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் தானே உயிர் நிலைக்கப் பத்தில் ஒரு வாய்ப்பு. 2008இல் சாவோடு பகடை உருட்டலாம் என்றார்கள். மூன்று முறை தவறினால் சாவு. 2014இல் இன்னும் இரக்கம்: இருபது முகப் பகடையில் பத்தோ அதற்கு மேலோ மூன்று முறை விழுந்தால் உயிர் நிலைத்துவிடும். யாரும் உதவாமல் தனியே கிடந்தாலும் நூற்றுக்கு ஏறக்குறைய அறுபது முறை பிழைத்துக்கொள்ளலாம்.

ஆச்சியின் தாளிலிருந்து 1943க்கு நடந்ததும் 1974இலிருந்து 2014க்கு நடந்ததும் ஒன்றுதான் என்று எனக்குப் புரிந்த இடம் இது. பதிப்பு மாற மாறப் பாம்பு குட்டையாகிறது. பரமபதப் பலகையோ அமெரிக்கப் பெட்டியோ, எதுவானாலும் அதே போக்கு. விழுவதன் வலியை அடுத்த தலைமுறைக்குக் குறைத்துக் கொடுக்க எல்லாப் பெற்றோருமே நினைக்கிறார்கள் போலும்.

இது நல்லதா கெட்டதா? நெடுநாள் நான் கெட்டது என்றே நினைத்தேன். பெரிய பாம்பு இல்லாத பரமபதம் என்ன பரமபதம் என்று அக்கா மகனோடு சண்டை போட்டிருக்கிறேன். ஒரு தீபாவளி விடுமுறையில் அவனும் நண்பர்களும் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆடியபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பெண்பிள்ளையின் வேடம் விழுந்துவிட்டது. இரண்டு தவறு விழுந்தாயிற்று, இன்னும் ஒன்று விழுந்தால் போயிற்று. மற்ற மூவரும் தங்கள் முறைக்காக மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறார்கள். ஒருவன் தன் சண்டையை விட்டுவிட்டு ஓடிவந்து அவளுக்கு மருந்து கொடுக்கிறேன் என்கிறான். அவன் முதுகில் அடி விழும் என்று தெரிந்தே செய்கிறான். என் ஆச்சியின் ஆட்டத்தில் இது இல்லை. அங்கே நான் பாம்பு வாயில் விழும்போது என் அண்ணன் கைகொட்டுவான். ஒருவர் இன்னொருவரைத் தூக்கிவிட அந்தத் தாளில் வழியே கிடையாது. அவரவர் கர்மம், அவரவர் காய். பாம்பு குட்டையானபோது கிடைத்த இடைவெளியில் ஒரு நண்பன் ஓடிவர இடம் பிறந்திருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்த பிறகு என் சண்டையை நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் பதிப்பு மாறும்போது பெயர்கள் உதிர்வதைப் பற்றிய சண்டையை நான் நிறுத்தவில்லை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இரண்டாம் பதிப்பு வந்த 1989இல், பேய் பிசாசு வழிபாட்டைச் சொல்லித்தருகிறது என்று அமெரிக்காவில் எழுந்த எதிர்ப்புக்கு அஞ்சி, பேய்களுக்கு இருந்த பழைய பெயர்களை எடுத்துவிட்டார்கள். பிறகு அவை புதிதாகக் கட்டிய, யாருக்கும் பொருள் தெரியாத பெயர்களோடு திரும்பின. 2000இல் பழைய பெயர்களே மீண்டும் வந்தன. புள்ளிக் கணக்கு என்னவோ பெரிதாகக் கெடவில்லை. ஆனாலும் ஆடுகிறவர்கள் அந்தப் பெயர்களைக் கேட்டு வாங்கினார்கள். பெயர் எடுபட்டால் அச்சமும் எடுபடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம்முடைய பெயர்களும் அங்கே போயிருக்கின்றன. 1977இல் வந்த அரக்கர் தொகுப்பில் ராட்சசன் இருக்கிறான், புலித்தலையோடு. மந்திரித்த குறுக்குவில் அம்பு ஒன்று பட்டால் செத்துவிடுவான். எந்தப் புராணத்திலும் நான் படிக்காத விதி. 1980இல் வந்த தெய்வத் தொகுப்பில் இந்திரனும் அக்னியும் கார்த்திகேயனும் இருக்கிறார்கள், உயிர்ப்புள்ளி எண்ணிக்கையோடு. கழுகுமலை முருகனுக்குப் பக்கத்து ஊர் மக்களுக்கு நடுவே இதைச் சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முருகனுக்குப் புள்ளி எண்ணுவது எப்படி? வேறு ஊரார் வேறு நினைப்பில் செய்தது என்று கடந்து போகிறேன்.

ஆனால் அதே 1977 தொகுப்பில் நாகமும் இருக்கிறது, 'நாகா' என்ற நம் பெயரிலேயே. மூன்று வகை. ஒன்று கொடியது. ஒன்று நீரில் வாழ்வது, நல்லதும் அல்ல தீயதும் அல்ல. மூன்றாவது காவல் நாகம். நேர்மையானது, புனித இடங்களையும் புதையலையும் காப்பது. 2014 பதிப்பிலும் அந்தக் காவல் நாகம் நல்லதாகவே இருக்கிறது. அக்கா மகன் அந்தப் பக்கத்தைக் காட்டியபோது நான் இந்த ஊரைத்தான் நினைத்தேன். பரமபதத் தாளில் பாம்பு என்றால் பாவம். லண்டனில் பாம்பு என்றால் சோம்பல். அமெரிக்கக் குழந்தைக்கு அது சறுக்கு மரம். வழக்காடி, காத்திருந்து, காட்சி கண்ட நம் சங்கனையும் பதுமனையும் போன்ற பாம்பு எந்தப் பரமபதப் பதிப்பிலும் எனக்குக் கிடைக்கவில்லை. கடல் கடந்த ஒரு புத்தகத்தில், காவல் நிற்கும் ஒரு பாம்பாக, அதன் சாயலைக் கண்டேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆச்சியின் தாள் என்னிடம் இருக்கிறது. மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்து, நடுவில் பத்துப் பதினைந்து கட்டங்களின் எழுத்து அழிந்துவிட்டது. கடையில் இப்போது கிடைக்கும் தாள்களை வாங்கி ஒப்பிட்டேன். சிலவற்றில் பெயர்கள் குறைந்திருக்கின்றன, சிலவற்றில் இடம் மாறியிருக்கின்றன, சிலவற்றில் படம் மட்டும் இருக்கிறது. அழிந்த கட்டங்களில் என்ன இருந்தது என்று அவற்றை வைத்துச் சொல்லமுடியவில்லை. உங்கள் வீட்டுப் பரணில், பூசை அறைப் பெட்டியில், பழைய பஞ்சாங்கக் கட்டுக்கு நடுவில் பரமபதத் தாள் இருந்தால் கொண்டுவாருங்கள். எனக்குத் தரவேண்டாம். ஒரு நாள் கொடுத்தால் எண்ணையும் பெயரையும் எழுதிக்கொண்டு திருப்பித் தருவேன். எந்த ஆண்டில் வாங்கியது, யார் ஆடியது, உங்கள் வீட்டில் எந்தக் கட்டையால் ஆடினீர்கள், தாயம் போட்டால் மறு ஆட்டம் உண்டா என்று கேட்பேன், அதையும் சொல்லுங்கள்.

ஆச்சியின் தாளை அந்த மேசைமேல் கண்ணாடிக்கு அடியில் விரித்து வைத்திருக்கிறேன். தாயக்கட்டையும் பக்கத்தில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள். யாராவது உருட்டினால் நான் எண்ணைக் கேட்கமாட்டேன். எங்கே நிற்கிறீர்கள் என்றுதான் கேட்பேன்.